நொச்சி மதிலும் நெய்தற் கரையும்
வடசென்னைக் கடலோரத்தில் ஆன்மப் போரின் வரலாறு

சென்னைத் துறைமுகத்தின் வடபால் இராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் எனத் தொடர்ந்து எண்ணூர்க் கழிமுகம் வரை நீளும் கடற்கரை, தமிழக வரலாற்றில் போர்களால் பெயர்பெற்ற நிலமன்று. கோட்டையைச் சுற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதபோது, இக்கரை தப்பியோடுவோர் செல்லும் வழியாக மட்டுமே இருந்தது. ஆயினும் வேறொருவகைப் போர் இங்கு நெடுங்காலமாக நிகழ்ந்து வந்துள்ளது. கிறித்தவ மறை அதனை ஆன்மப் போர் என்று அழைக்கிறது. அச்சத்தோடும் ஆசையோடும் ஐயத்தோடும் மனிதன் தன்னுள்ளே நடத்துகின்ற போர் அது. அதற்கு வெற்றித்தூண் நாட்டுவாரில்லை, மெய்க்கீர்த்தி பாடுவாருமில்லை. எனினும் இக்கரையின் ஆலயங்களும் ஊர்ப்பெயர்களும் சில தனிமனிதரின் வாழ்வும் அதன் தடங்களைத் தாங்கி நிற்கின்றன. அத்தடங்களைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நொச்சித் திணை

ஆன்மப் போர் என்னும் கருத்துக்குக் கிறித்தவ உலகில் ஆதாரமாக விளங்குவது, திருத்தூதர் பவுல் எபேசு நகரத்துச் சபைக்கு எழுதியதாக வழங்கும் திருமுகத்தின் ஆறாம் இயல். எழுதியவர் தம்மை விலங்கு பூண்ட தூதர் என்று அறிமுகம் செய்துகொள்கிறார். உரோமைப் படைவீரனின் கோலத்தை ஒவ்வோர் உறுப்பாக எடுத்து அவர் உருவகம் செய்கிறார். உண்மை இடைக்கச்சை, நீதி மார்புக் கவசம், அமைதியின் நற்செய்தி காலணி, நம்பிக்கை கேடயம், மீட்பு தலைக்கவசம், இறைவாக்கு வாள். பழைய ஏற்பாட்டில் ஏசாயா இறைவனுக்கு அணிவித்த கவசத்தைப் பவுல் எளிய மனிதனுக்கு அணிவிக்கிறார். 1871ஆம் ஆண்டில் முழுமையாக வெளிவந்த தமிழ் விவிலிய ஒன்றிய மொழிபெயர்ப்பு இத்தொகுதிக்குச் 'சர்வாயுதவர்க்கம்' என்று பெயரிட்டது. மணிப்பிரவாள நடையின் அந்நெடுஞ்சொல், இன்றும் வடசென்னைச் செபக்கூட்டங்களில் எழுத்தறியா மூதாட்டியர் நாவிலும் தடையின்றிப் புழங்குகிறது.

இவ்வாறு படைக்கலன்களில் ஐந்து, அணிந்தவனைக் காப்பன. தாக்குவது வாள் ஒன்றே, அதுவும் சொல்லே. அடுத்து, அவ்வியலில் திரும்பத் திரும்ப வருகின்ற வினை 'நிற்றல்' என்பதாகும். முன்னேறு, கைப்பற்று, எரியூட்டு என்னும் ஏவல்கள் அங்கு இல்லை. மூன்றாவதாக, பகைவர் இரத்தமும் சதையும் உடைய மனிதர் அல்லர் என்று அத்திருமுகம் ஐயத்துக்கிடமின்றி உரைக்கிறது.

தமிழ்ப் புறத்திணை மரபை அறிந்தோர்க்கு இதன் இடம் எளிதில் விளங்கும். ஆநிரை கவரும் வெட்சியும், மண்ணாசையால் பிறர் நாட்டின்மேற் செல்லும் வஞ்சியும், அரண் முற்றும் உழிஞையும் இதற்குப் பொருந்தா. முற்றுகைக்கு உள்ளான மதிலைக் கைவிடாது காத்து நிற்றலே நொச்சி. தொல்காப்பியம் அதனை உழிஞைக்குள் அடக்க, ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாகப் பிரித்து வைத்தது. பவுல் கூறும் போர் நொச்சிப் போர். மனமே மதில், அதைக் காப்பவன் நொச்சி சூடிய மறவன். இவ்வேறுபாட்டை மறந்து, நொச்சியை வஞ்சியாகக் கொண்ட காலங்களிலெல்லாம் கிறித்தவ வரலாறு கறைபட்டது என்பதை ஐரோப்பியச் சிலுவைப் போர்கள் காட்டும். வடசென்னையின் வரலாற்றை நோக்கவும் இவ்வேறுபாடே அளவுகோலாகும்.

பழவேற்காட்டுச் சாலையில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

இக்கரையில் ஆன்மப் போரின் சொற்கள் தமிழில் வடிவம் பெற்ற வரலாற்றில் முதலிடம் பெறுபவர் யோகான் பிலிப்பு பப்ரிசியுசு. செருமானிய நாட்டு லுத்தரன் குருவாகிய அவர் 1742இல் சென்னைக்கு வந்து, அங்கிருந்த சபையின் பொறுப்பை ஏற்றார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறியிருந்தது. அதன் நடையைத் திருத்தி, மூலத்தோடு நெருங்கியதாகவும் தமிழ்ச்செவிக்கு இசைந்ததாகவும் ஆக்குவதைப் பப்ரிசியுசு தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார்.

அப்பணிக்கு அமைதி வாய்க்கவில்லை. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. பப்ரிசியுசு தம் சபையாரோடு டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த பழவேற்காட்டுக்கு அகன்றார். 1749இல் சென்னை ஆங்கிலேயர்க்கு மீண்டபின் திரும்பினார். 1758ஆம் ஆண்டின் இறுதியில் லாலியின் படை நகரை முற்றுகையிட்டபோது வேப்பேரி சூறையாடப்பட்டது. மீண்டும் பழவேற்காடே புகலிடமாயிற்று. சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் இடைப்பட்ட இக்கடலோரம் மணல்மேடும் கழியும் பனையும் நிறைந்த வெளியாக இருந்த காலம் அது. அரைகுறையாய் முடிந்த மறைநூல் மொழிபெயர்ப்பே வாழ்வின் பொருளாய்க் கொண்ட ஒருவர் அவ்வெளியின் இரு முனைகளுக்கிடையே உயிருக்கு அஞ்சிப் பெயர நேர்ந்ததைக் கவிஞர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

போரே அவருக்கு ஒரு கொடையையும் தந்தது. 1761இல் புதுச்சேரியை வென்ற ஆங்கிலேயர் அங்கிருந்து கொணர்ந்த அச்சு இயந்திரம், கும்பினியாரின் வேலைக்கு முதலிடம் தரவேண்டும் என்ற உடன்பாட்டுடன் வேப்பேரியில் அவர் பொறுப்பில் வைக்கப்பட்டது. 1772இல் அவரது புதிய ஏற்பாடும், 1779இல் அவரது தமிழ் ஆங்கில அகராதியும் வெளிவந்தன. பிற்காலத்து ஒன்றிய மொழிபெயர்ப்பு அவருடைய உழைப்பின்மேல் எழுப்பப்பட்டதே.

இத்துணை உறுதியோடு நின்றவர் வேறொரு முனையில் வீழ்ந்தார் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. தம்மை நம்பிப் பிறர் ஒப்படைத்த பணத்தை வட்டிக்குக் கொடுக்கும் ஏற்பாடுகளில் அவர் சிக்கினார். கடன் வாங்கியோர் கைவிரித்தனர். முதுமையில் கடனுக்காகச் சிறைப்பட்டார். 1791இல் மறைந்தார். இருமுறை படையெடுப்பைத் தாங்கிய மதில், கணக்குப் புத்தகத்தின் வழியே பிளந்தது. பகைவன் எதிர்பார்த்த வாயிலில் வருவதில்லை என்பதை ஆன்மப் போர் பற்றிய அறவுரைகள் எல்லாம் சொல்லும். பப்ரிசியுசின் வாழ்வு அதற்குச் சான்றாகியது. ஆயினும் அவர் செய்த தமிழ் நின்றது. மனிதர் இடறினும் அவர் பணி நிலைபெறுதல் உண்டு என்பதை இவ்வரலாறு கற்பிக்கிறது.

இராயப்பரின் ஊர்

பழைய கத்தோலிக்கத் தமிழர், திருத்தூதர்களின் பெயர்களை ஒலிபெயர்த்ததோடு அமையாது பொருள்பெயர்த்தும் வழங்கினர். இலத்தீனில் 'சிறியவர்' எனப் பொருள்படும் பவுல், சின்னப்பர் ஆனார். இறைவனின் அருள் என்னும் பொருளுடைய யோவான், அருளப்பர் ஆனார். பாறை என்னும் பொருளுடைய பேதுரு, இராயப்பர் ஆனார். தெலுங்கில் 'ராயி' என்பது கல்லைக் குறிக்கும் சொல்லாதலின், இராயப்பர் என்பது அதனடியாகப் பிறந்தது என்பர். இராயப்பர் பெயராலேயே இராயபுரம் அப்பெயர் பெற்றது என்பது ஊரார் மரபு.

இப்பெயருக்குரிய ஆலயத்தை எழுப்பியோர் படகுக்காரர். குருகுல வம்சத்தார் எனத் தம்மை அழைத்துக்கொண்ட அக்கத்தோலிக்கச் சமூகத்தார், கும்பினியார் அளித்த நிலத்தில் தம் உழைப்பின் பொருளைக் கொண்டு 1829இல் புனித இராயப்பர் ஆலயத்தைக் கட்டினர்.

அவர்கள் தொழிலின் தன்மையை அறியாமல் அவர்கள் பத்தியின் தன்மையை அறிய இயலாது. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே மடிந்து விழும் அலைவரிசைகளை எந்த ஐரோப்பியப் படகாலும் கடக்க முடியவில்லை. ஆணி அறையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே அவ்வலைகளின் அடியைத் தாங்கி, நெளிந்து கொடுத்து, உடையாமல் மிதந்தன. ஆளுநர் முதல் அடிமட்டப் படைவீரன் வரை, வெள்ளிப் பெட்டி முதல் துணிப்பொதி வரை, சென்னையில் இறங்கியதெல்லாம் இப்படகோட்டிகளின் கைவழியே இறங்கியது. கவிழ்ந்தாரைத் தூக்க உடன் செல்லும் கட்டுமரங்களும் அவர்களுடையனவே. அன்றாடம் சாவின் வாயிலில் சென்று மீண்டவர்கள் அவர்கள்.

அத்தகையோர் இராயப்பரைத் தங்கள் காவலராகக் கொண்டதில் வியப்பில்லை. அவரும் கலிலேயக் கடலில் வலைவீசியவர். அலையின்மேல் நடந்துவரும் ஆண்டவரை நோக்கித் தாமும் கால்வைத்தவர். காற்றைக் கண்டு அஞ்சிய கணத்தில் மூழ்கத் தொடங்கியவர். பாறை என்று பெயர் பெற்றவர், ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கு அஞ்சித் தம் ஆண்டவரை மும்முறை மறுதலித்தார். சேவல் கூவியதும் வெளியே சென்று கதறி அழுதார். பின்னர்த் திபேரியாக் கடற்கரையில் அன்பு உண்டா என்று மும்முறை வினவப்பெற்று மீண்டும் நிலைநிறுத்தப்பட்டார். நம்பிக்கையில் உறுதியாய் நின்று பகைவனை எதிர்க்குமாறு பிறர்க்கு அறிவுரை கூறும் திருமுகம் அவர் பெயராலேயே வழங்குகிறது. விழாதவர் கூறும் உறுதிக்கும், விழுந்து எழுந்தவர் கூறும் உறுதிக்கும் வேறுபாடு உண்டு. படகுக்காரர் தேர்ந்தது பின்னதை.

காலம் அவர்கள் மதிலையும் சோதித்தது. 1856இல் இராயபுரத்தில் தென்னகத்தின் முதல் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1861இல் கடலுக்குள் இரும்புப் பாலத்துறை நீண்டது. 1875இல் வேல்சு இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பரில் வீசிய பெரும்புயல் கட்டிய கற்சுவர்களைத் தகர்த்தது. ஆயினும் பணி நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சிசு சுபிரிங்கின் பொறுப்பில் துறைமுகம் முழுமை எய்தியது. கப்பல்கள் நேரே மேடையை அணைந்தன. மசூலாப் படகுக்கு வேலையில்லாது போயிற்று. அதோடு முடியவில்லை. துறைமுகச் சுவர் மணலோட்டத்தைத் தடுத்தமையால் தென்புறத்தில் மெரீனா அகன்றது. வடபுறத்தில் கடல் நிலத்தை அரித்தது. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை தெருக்களும் குப்பங்களும் கடலுக்குள் போயின. பிழைப்பைப் பறித்த சுவரே நிலத்தையும் பறித்தது. எனினும் சூன் 29ஆம் நாள் வரும் இராயப்பர் சின்னப்பர் திருவிழா ஓயவில்லை. அச்சமூகத்தின் விடாப்பிடி, கவிஞர் எவரும் பாடாத நொச்சிப் பாட்டு.

விலை கொடுத்தவர்கள்

இராயபுரத்துக்குத் தெற்கே, அன்று கறுப்பர் நகரம் எனப்பட்ட பகுதியில், வேறொரு போராட்டம் நிகழ்ந்தது. 1837இல் சுகாத்துலாந்துச் சபையின் யோவான் ஆண்டர்சன் அர்மேனியன் தெருவில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. 1841இல் அப்பள்ளியின் இளைஞராகிய இராசகோபால், வெங்கடராமையா, எத்திராசுலு ஆகியோர் திருமுழுக்குப் பெற்றனர். நகரம் கொதித்தது. பெற்றோரும் உற்றாரும் வந்து மன்றாடினர், அழுதனர். மாணவருள் மிகப் பெரும்பாலோர் பள்ளியை விட்டு நீங்கினர். அம்மூவரும் பின்வாங்கவில்லை. காலப்போக்கில் குருப்பட்டம் பெற்று அந்நகரிலேயே பணிசெய்தனர்.

மிஷன் வரலாறுகள் இதை வெற்றியாக எழுதின. எதிர்த்தோர் இதைப் பறிப்பாகக் கண்டனர். நடுநின்று நோக்குவார்க்கு இரண்டும் தெரியும். ஓர் இளைஞன் தன் மனச்சான்றுக்கு உண்மையாய் நிற்பது பெருமைக்குரியதே. ஆனால் வாயிலில் நின்றழுத தாயைப் பகைவனின் கருவி என்று கருதிவிட்டால், பகைவர் இரத்தமும் சதையும் அல்லர் என்ற பவுலின் முதல் விதி அங்கே முறிந்துவிடும். நிற்றலின் விலையை நிற்பவன் மட்டும் கொடுப்பதில்லை. அவனைப் பெற்றவர்களும் கொடுக்கின்றனர். அவர்கள் கண்ணீருக்கும் வரலாற்றில் இடம் வேண்டும்.

இவ்வேதனையைத் தமிழ்க் காவியமாக்கியவர் என்றி ஆல்பிரடு கிருட்டிண பிள்ளை. 1827இல் திருநெல்வேலிப் பகுதியின் கரையிருப்பில், கம்பனில் தோய்ந்த வைணவக் குடும்பத்தில் பிறந்தார். சாயர்புரம் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தபோது கிறித்தவத்தின்பால் நாட்டம் கொண்டார். நெடிய உட்போராட்டத்துக்குப்பின் சென்னைக்கு வந்து, 1858இல் மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார். பெர்சிவல் பாதிரியார் நடத்திய 'தினவர்த்தமானி' இதழில் பணிபுரிந்தார். பின் தென்னாடு திரும்பினார்.

அவர் தேர்ந்துகொண்ட மூலநூல் சான் பனியனின் 'மோட்சப் பயணம்'. பனியனும் சிறைப்பறவையே. உரிமம் இன்றி மறையுரைத்த குற்றத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டுச் சிறையில் கிடந்தவர். அவர் நூலின் முதற்பாகம் 1678இல் வெளிவந்தது. அதில் பயணி தாழ்மைப் பள்ளத்தாக்கில் கொடும்பகைவன் ஒருவனை எதிர்கொள்ளும் இடம் ஆன்மப் போரின் உச்சம். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் எண்ணுகிறான் பயணி. தன் கவசத்தில் முதுகைக் காக்க ஏதும் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது, ஆகவே நிற்கிறான். வீரத்தினால் நின்றான் என்று பனியன் சொல்லவில்லை. திரும்பி ஓடினால் சாவு உறுதி என்பதனால் நின்றான் என்கிறார். புறமுதுகில் புண்படுதலை இழிவென்று கருதிய புறநானூற்றுத் தமிழர்க்கு இக்காட்சி அயலாகத் தோன்ற வழியில்லை.

கிருட்டிண பிள்ளை அந்த உரைநடையை விருத்தப்பாக்களாய் வார்த்தார். 'நற்போதகம்' இதழில் தொடராக வந்து, 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' நூலாயிற்று. கிறித்தவக் கம்பர் என்று அவரைப் பாராட்டுவதன் காரணம் நடையொப்புமை மட்டுமன்று. தாம் விட்டுவந்த சமயத்தின் இலக்கியத்தை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. ஆழ்வார்களிடமும் கம்பனிடமும் கற்ற தமிழையே தம் புதிய நம்பிக்கையின் காலடியில் வைத்தார். உறுதியாய் நிற்றல் என்பது வேரை அறுத்தல் அன்று என்பதை அவர் யாப்பு மெய்ப்பிக்கிறது.

ஒற்றியூர் எல்லையில்

இராயபுரத்துக்கு வடக்கே திருவொற்றியூர். நிற்றலும் வழுவுதலும் பற்றிக் கிறித்தவம் வருமுன்பே இத்தலம் பேசியிருக்கிறது. சேக்கிழார் பாடிய வரலாற்றின்படி, சுந்தரர் இங்கே சங்கிலியாரை மணக்க விழைந்தார். பிரியேன் என்று இறைவன் திருமுன் சூளுரைக்க வேண்டியிருந்தது. சூளுறும் வேளையில் கோயிலைவிட்டு மகிழமரத்தடியில் எழுந்தருளுமாறு இறைவனிடமே வேண்டிக்கொண்டார். இறைவனோ, மகிழின் கீழேயே சூளுறச் சொல்லுமாறு சங்கிலியார்க்கு உணர்த்திவிட்டார். சூழ்ச்சி பலிக்கவில்லை. பின்னர் ஆரூர் வேட்கை மிகுந்து, சூள் பிழைத்து, ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய கணத்தில் இரு கண்ணும் இழந்தார் சுந்தரர். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறுகண்ணும் பெறும்வரை அவர் வழியெல்லாம் பாடிச் சென்றார். வாக்குத் தவறிய தோழரைத் தண்டித்தும் கைவிடாத இறைவன் ஒருவன். மறுதலித்த சீடரைக் கரையில் அமர்த்தி அன்பை வினவிய ஆண்டவர் ஒருவர். ஒரே கடலோரத்தில் இவ்விரு கதைகளும் அடுத்தடுத்து வழங்குகின்றன.

அதே ஊரின் சக்கரப்பாடித் தெருவில் எண்ணெய் வணிகராக வாழ்ந்தவர் கலியநாயனார். திருவிளக்கேற்றும் தொண்டில் செல்வமெல்லாம் கரைந்தது. கூலிவேலையும் கிட்டாது போயிற்று. எண்ணெய்க்கு வழியில்லாத நாளில் தம் குருதியையே அகலில் வார்க்கத் துணிந்தார், இறைவன் தடுத்தாட்கொண்டான். வறுமை முற்றிய இடத்தில் ஒரு விளக்கை அணையாது காப்பதே இங்குப் போர். பட்டினத்தடிகளின் சமாதி ஒற்றியூர்க் கடற்கரையில் உள்ளது. ஆசை என்னும் பகையை அவர்போல் முகத்துக்கு நேரே ஏசியவர் தமிழில் சிலரே. சென்னையில் வாழ்ந்த காலத்தில் வள்ளலார் இத்தலத்தை இடையறாது வழிபட்டார். 1858இல் அவர் சென்னையை விட்டு நீங்கினார். அதே ஆண்டில்தான் கிருட்டிண பிள்ளை சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஒருவரை ஒருவர் அறியாத இரு கவிஞர்கள், ஒரே நகரில், ஒரே காலத்தில், உள்ளத்தின் இருளோடு பொருதுகொண்டிருந்தனர்.

இவற்றைச் சுட்டுவது சமயங்கள் யாவும் ஒன்றே என்று பூசி மெழுகுவதற்காக அன்று. சிலுவையின் மீட்பில் நம்பிக்கை வைப்பதும் ஒற்றியூர்ப் பெருமானைச் சரணடைவதும் வெவ்வேறு நெறிகள். அவ்வேறுபாட்டை மதித்தே அவ்வந்நெறியினர் நிற்கின்றனர். ஆனால் தன் மதிலைக் காப்பவன், அடுத்த மதிலுக்குள்ளும் ஒருவன் உறங்காமல் காவல் காக்கிறான் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

மதிலுக்குள் பகை

சபைகளை மிகுதியும் தாக்கிய பகை வெளியிலிருந்து வந்ததன்று. சென்னைக் கத்தோலிக்கர் நெடுங்காலம் இரு ஆட்சிகளுக்கிடையே பிளவுண்டு கிடந்தனர். போர்ச்சுகல் அரசின் காப்புரிமை பெற்ற மயிலாப்பூர் மறைமாவட்டம் ஒருபுறம். உரோமையின் நேரடி ஆட்சியிலிருந்த சென்னை மறைமாவட்டம் மறுபுறம். ஒரே நகரில், ஒரே மறையில், இரு ஆயர்கள் இருந்தனர். 1952இல் சென்னை மயிலாப்பூர் உயர்மறைமாவட்டம் உருவானபோதே அப்பிளவு முடிவுற்றது.

சீர்திருத்தச் சபைகளில் சாதி என்னும் பகை அமர்ந்திருந்தது. 1833இல் ஆயர் தானியேல் வில்சன், சாதி வேறுபாடுகளைச் சபையிலிருந்து அறவே ஒழிக்குமாறு ஆணையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் அதை ஏற்க மறுத்தனர். தமிழ்க் கிறித்தவ இசைப்பாடல்களின் முன்னோடியாகிய தஞ்சை வேதநாயக சாத்திரியாரே அம்மறுப்பின் பக்கம் நின்றார் என்பது வருத்தத்துக்குரிய உண்மை. உறுதியாய் நிற்றல் எப்போதும் அறமாகாது. எதன்மேல் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே அது அறமும் பிடிவாதமும் ஆகிறது. சாதியின்மேல் நின்றவர்கள் அதையும் பற்றுறுதி என்றே அழைத்தனர். தெற்கே நீலகண்டம் என்னும் தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்று, எல்லாச் சாதியாரோடும் ஒன்றாய்ப் பழகியவர். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்படும்வரை அவர் தம் நம்பிக்கையைத் துறக்கவில்லை. 2022இல் உரோமை அவரைப் புனிதராக அறிவித்தது. இருவர் நின்ற இடங்களையும் ஒப்பிட்டால் நிற்றலின் இலக்கணம் விளங்கும்.

ஆன்மப் போரை அமைதியின் காலணி பூண்டு நடத்தியவர்களும் இப்பகுதியில் உண்டு. சுகாத்துலாந்துப் பெண் மருத்துவர் மாட்டில்டா மாக்பெயில் 1888இல் வடசென்னையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவப் பணியைத் தொடங்கினார். இராயபுரம் வட்டாரத்தின் ரெய்னி மருத்துவமனை அதன் கனி. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கி மகப்பேற்றில் மடிந்த பெண்களின் காலத்தில், அங்கே எரிந்த விளக்கு கலியநாயனாரின் விளக்குக்கு உறவானது.

இன்றைய முற்றுகை

இருபதாம் நூற்றாண்டில் ஆலைகளும் எண்ணெய்த் தேக்கங்களும் அனல்மின் நிலையங்களும் இக்கரையை நிறைத்தன. உழைப்போர் குடியிருப்புகளில் ஆலயங்களும் செபவீடுகளும் பெருகின. பெந்தெகொத்தே மரபுச் சபைகளில் ஆன்மப் போர் என்பது அன்றாடப் பேச்சாயிற்று. குடி, கடன், நோய், கணவனின் அடி ஆகியவற்றுக்கு எதிராக நள்ளிரவில் முழந்தாளிட்டுப் போராடும் பெண்களுக்கு அச்சொல் வெறும் உருவகமன்று. அவர்கள் வீட்டில் பகைவன் பெயரோடும் நேரத்தோடும் வருகிறான். அவ்வேண்டுதலை எள்ளுவோர் அவர்கள் இரவை அறியாதவர். அதே வேளையில், போர்ச்சொற்கள் அயல்வீட்டின் மாடத்தையும் தெருமுனைக் கோயிலையும் நோக்கித் திரும்பும்போது நொச்சி வஞ்சியாகிவிடுகிறது. மறைநூல் விலக்கியதையே மறைநூலின் பெயரால் செய்வதாகிறது. இவ்வாபத்து எந்த ஒரு சமயத்துக்கும் மட்டும் உரியதன்று.

2004 திசம்பர் 26, கிறித்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிறு. ஆழிப்பேரலை இக்கரைக் குப்பங்களையும் தாக்கியது. 2017 சனவரி 28இல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிக் கரிய எண்ணெய் கரையேறியது. மீனவரும் மாணவரும் தொண்டரும் வாளிகளைக் கொண்டே அக்கழிவை வாரினர். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் பரவியது; படகுகளும் வலைகளும் கறுத்தன. இவ்வேளைகளில் எவர் எம்மறையினர் என்று வினவுவாரில்லை. மதில்கள் பலவாயினும் முற்றுகை ஒன்றாயிருந்தது. அப்போது ஒருவர்க்கொருவர் கேடயமானதே இக்கரை மக்கள் எழுதிய ஆன்மப் போர் உரை.

மன்றங்கள் பத்தாண்டு காண்பதும் சிறு நிற்றலே. பொருளும் புகழும் வாராத பணியில் சொல்லை மட்டும் வாளாய்க் கொண்டு நிற்போர் கவிஞர். பப்ரிசியுசு சொல்லைக் காத்தார். கிருட்டிண பிள்ளை அதைப் பாட்டாக்கினார். படகுக்காரர் அதைக் கல்லாக்கினர். பாடப்படாத மறவர் இக்கரையில் இன்னும் பலர் உளர். அலையடிக்கும் வீட்டைவிட்டுப் போகாத கிழவியும், குடியை விட்ட சுமைதூக்கியும், நள்ளிரவில் முழந்தாளிடும் தாயும் நொச்சிப் பூவுக்கு உரியவர்கள். அப்பூவைச் சூட்டும் கடமை தமிழ்க் கவிதைக்கு எஞ்சியிருக்கிறது.